இடது பாதி

கிளப்பில் டென்னிஸ் ஆட வரும் துரைமாருக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடுவதற்கென்று சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்திருப்பார்கள். அவருக்கு மார்க்கர் என்று பெயர். காலையில் கோர்ட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து உருளை இழுத்துச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவர். மாலையில் மட்டையோடு நிற்பதும் அவர். மழைக்காலத்தில் உட்கார்ந்து அறுந்த மட்டைகளுக்கு நரம்பு கட்டுவதும் அவர். ஆட்டத்தில் அவருக்கென்று எங்கும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. எதிரே இருப்பவருக்கு எடுக்க வாகாகப் பந்தைப் போட வேண்டும். அவர் கண்டபடி அடிக்கும் பந்தையெல்லாம் ஓடிப்போய் எடுக்க வேண்டும். கடைசியில் நூலிழையில் தோற்க வேண்டும். இப்படித் தோற்பதற்கு, ஜெயிப்பதைவிட இரண்டு மடங்கு ஆட்டம் கையில் இருக்க வேண்டும். இது துரைமாருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பேர் கோர்ட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

கம்பம்மெட்டுக்கு மேற்கே நாலு மைலில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த கிளப்பில் சங்கையா அப்படியொரு மார்க்கர். அங்கே எல்லாரும் அவரை 'அவன்' என்றுதான் சொன்னார்கள். நாமாவது 'அவர்' என்று சொல்வோம். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து களையெடுப்புக்கு மலையேறியவர். சங்கையா இருபதாவது வயதில், ஐம்பத்திரண்டாம் வருஷம், கிளப்பில் உருளை இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஆடுவதற்கு ஆள் கிடைக்காத ஒரு மாலையில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் பழைய மட்டை ஒன்றை அவர் கையில் கொடுத்து, அந்தப் பக்கம் போய் நில் என்றார். சங்கையா போய் நின்றார். துரை சீமைக்குப் போன பிறகும், அடுத்து வந்த நம்மூர்த் துரைமார் காலத்திலும், அந்தப் பக்கமே நின்றார்.

பெரும்பாலும் எதிரே இரண்டு பேர் இருப்பார்கள். இவர் பக்கம் இவர் மட்டும். இரண்டு பேர் ஆட வேண்டிய அகலத்தை ஒற்றை ஆளாக ஓடி அடைப்பார். பந்து நடுவில் வரும்போது எதிரே இருப்பவர்கள், "மைன்", "யுவர்ஸ்" என்று கூவிக்கொள்வார்கள். முதலாவது என்னுடையது என்று, இரண்டாவது உன்னுடையது என்று. அந்த இரண்டு சொல்லையும் சங்கையா இருபத்தொரு வருஷம் வலைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். சொல்வதற்கு அவருக்கு ஒரு வாய்ப்பும் வரவில்லை. வருகிற பந்தெல்லாம் அவருடையது என்னும்போது யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டிலும் அதே கதைதான். கிளப்புக்குப் பின்னால், மட்டைகள் வைக்கும் அறைக்கு ஒட்டினாற்போல் ஓர் அறை. கம்பத்திலிருந்து பூமாரியைக் கட்டிக்கொண்டு வந்து அங்கே குடிவைத்தார். பூமாரி நாலு மழைக்காலம் தாக்குப்பிடித்தாள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி, காயாத துணி, பேச்சுக்கு ஆளில்லாத பகல். ஐந்தாவது மழை ஆரம்பிக்கும்போது, அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கம்பத்துக்கு இறங்கினாள். பொங்கலுக்கு வந்தாள், போனாள். பிறகு பொங்கலுக்கும் வரவில்லை. இவர்தான் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இறங்கிப்போய், அண்ணன் வீட்டில் விருந்தாளி மாதிரி ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வருவார். இருவருக்கும் சண்டையே இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

எழுபத்துமூன்றாம் வருஷம் பிப்ரவரியில் பாலக்காட்டுக்குக் கிழக்கே, மில்லுக்காரர்களும் பண்ணையக்காரர்களும் சேர்ந்து நடத்திய கிளப் ஒன்றில் டென்னிஸ் போட்டி வைத்தார்கள். மெம்பர்கள் ஆட்டம் தனி. கடைசி இரண்டு நாள் மார்க்கர்களுக்கு ஜோடி ஆட்டம். போர்டில் அதைப் 'புரொஃபஷனல் டபுள்ஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். பெரிய பட்டம் ஏதோ கொடுத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கூலிக்கு ஆடுகிறவன் மெம்பர்களோடு போட்டியில் சேரக்கூடாது, அவனுக்கு வேறு பந்தி என்பதைத்தான் அவ்வளவு அழகாக எழுதியிருந்தார்கள். கோயம்புத்தூர், ஊட்டி, திருச்சூர், மதுரை என்று எட்டு ஜோடி. மலைக் கிளப்பிலிருந்து சங்கையா மட்டும் ஒற்றையாகப் போய் இறங்கினார். போட்டி நடத்திய கிளப்பின் சொந்த மார்க்கர் மாரப்பனுக்கு ஜோடியாக வரவேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். கிளப் செக்ரட்டரி இருவரையும் பார்த்து, நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக ஆடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கையாவுக்கு ஜோடி கிடைத்தது இப்படித்தான்.

மாரப்பன் முதலமடைப் பக்கத்துக்காரர். சங்கையாவைவிட மூன்று வயது இளையவர், இடதுகை ஆட்டக்காரர். அதனால் இடது பாதியில் அவர், வலது பாதியில் சங்கையா என்று முடிவாயிற்று. முதல் ஆட்டத்தை எப்படியோ ஜெயித்துவிட்டார்கள். எப்படி என்றால், இரண்டு பாதியையும் சங்கையாவே ஆடினார். பந்து எங்கே விழுந்தாலும் கால் தானாக ஓடியது. மாரப்பன் மட்டையை ஓங்குவார், அதற்குள் இவர் குறுக்கே பாய்ந்து எடுத்துவிடுவார். அரையிறுதியில் கோயம்புத்தூர்க்காரர்களிடம் அது பலிக்கவில்லை. கடைசிப் பாயிண்டில் மாரப்பன் நின்ற இடத்துக்கே நேராக வந்த பந்துக்கு இவரும் ஓடி, மட்டை மாரப்பன் புருவத்தில் பட்டு, ரத்தம் வந்து, ஆட்டமும் போயிற்று.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சங்கையாவுக்கு அந்தச் செம்மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. மாரப்பன் துண்டால் புருவத்தை அழுத்திக்கொண்டு அவரிடம் வந்தார்.

"ஏனுங்ணா," என்றார், "அந்தப் பக்கம் நான் ஒருத்தன் நிக்கறனுங்க."

"தப்பு எம்மேலதான் தம்பி. ஒத்தையிலயே ஓடிப் பழகுன காலு, சொன்னாக் கேக்க மாட்டேங்கு."

"அது தெரியுதுங்க. பாதி என்னுதுன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, அடுத்த வருசம் இவனுகளைப் பாத்துக்கலாம். வாங்க, ஊட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்பிடலாம்."

கிளப்புக்குப் பின்னால் மார்க்கருக்கென்று இரண்டு வீடு அடுத்தடுத்து இருந்தது. ஒன்றில் மாரப்பன் குடும்பம், இன்னொன்று பூட்டிக் கிடந்தது. மாரப்பன் மனைவி நாச்சம்மாள் புருஷன் புருவத்தைப் பார்த்துவிட்டு, அடித்த ஆளையும் பார்த்துவிட்டு, இருவருக்கும் தட்டு வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் முதலமடைத் தோப்பிலிருந்து வந்த அந்த வருஷத்து முதல் மாம்பழத்தை அரிந்து கொடுத்தாள். சங்கையா சாப்பிட்டுக்கொண்டே பேசினார். சாப்பிடும்போது எதிரே ஆள் இருந்தால் வாய் தானாகப் பேசும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. மாரப்பனும் தானும் ஒரே மாதிரி துரைமாரை ஒரே மாதிரி ஜெயிக்க வைத்திருப்பது தெரிந்து, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் கிளம்பும்போது செக்ரட்டரி இருவரையும் கூப்பிட்டார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

"அடுத்த கொல்லம், அடுத்த வருஷம், இவிடே ரெண்டாவது கோர்ட் வருது. இன்னொரு மார்க்கர் வேணும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஜெயிச்சுக் காட்டினா, சங்கையாவைத்தான் எடுப்பேன், கேட்டோ. அந்தப் பூட்டின வீடும் அவனுக்குத்தான்."

நாச்சம்மாள் வாசலில் நின்று வழியனுப்பினாள். "வரைல அக்காவையும் கூட்டிட்டு வந்துருங்க. இங்க குளிருன்னே ஒண்ணு கெடையாதுங்க. வெயிலுதான், வேணுங்கற மட்டும்."

பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், தேனி என்று பஸ் மாறி மாறி வரும் வழியெல்லாம் சங்கையா அந்தப் பூட்டின வீட்டுக்குள் சாமான் எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். கம்பத்தில் இறங்கி நேரே பூமாரியிடம் போய்ச் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். ஊர் சூடா என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் பொம்பளை ஆள் உண்டா என்று கேட்டாள். இரண்டுக்கும் ஆமாம் என்றார்.

"மொதல்ல வேல கெடைக்கட்டும். பெறகு பாப்பம்," என்றாள்.

பூமாரி வாயிலிருந்து வந்த 'பார்ப்போம்' சங்கையாவுக்குப் போதுமாக இருந்தது. மலைக்கு ஏறும் ஜீப்பில் அவருக்குக் குளிரவே இல்லை.

அடுத்த மாலையே பாடம் ஆரம்பமாயிற்று. எதிரே இரண்டு துரைமார், இந்தப் பக்கம் சங்கையா. பந்து இடது பாதிக்கு வந்தது. கால் துடித்தது. சங்கையா காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, உதட்டுக்குள், "யுவர்ஸ் தம்பி" என்றார். பந்து இரண்டு தடவை குதித்து வேலியில் போய் மோதியது. துரைமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு பந்து இடது பாதிக்கு வந்தது. அதுவும் வேலிக்குப் போயிற்று. ஒரு வாரத்துக்குள் கிளப்பில் யார் வேண்டுமானாலும் சங்கையாவை ஜெயிக்கலாம் என்று ஆயிற்று. ஜெயித்தவர்கள் முதலில் குஷியாக இருந்தார்கள், பிறகு அவர்களுக்கே சப்பென்று போயிற்று.

மழை வந்து கோர்ட் மூடிக் கிடந்த மாதங்களிலும் அவர் விடவில்லை. அறைக்குள் மட்டைக்கு நரம்பு கட்டும்போது பலகையின் வலது ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். இடது ஓரம் சும்மா கிடக்கும். சோறு வடிக்கும்போது மாரப்பன் என்ன செய்துகொண்டிருப்பார், நாச்சம்மாள் என்ன குழம்பு வைத்திருப்பாள் என்று யோசிப்பார். தனியாக இருப்பது பழகிப் போன ஆளுக்கு, தனியாக இருக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் அதைவிடக் கஷ்டம் வேறில்லை. அந்த மழைக்காலம் அவருக்கு அதுவரை வந்த எல்லா மழைக்காலத்தையும்விட நீளமாக இருந்தது.

நவம்பரில் மழை விட்டு ஆட்டம் தொடங்கியதும் கிளப் பிரசிடெண்டான பெரிய துரை அவரைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். சங்கையாவை ஒருநாளும் அதட்டியதில்லை.

"சங்கையா, உனக்கு இடது பக்கம் வர்ற பந்து தெரியலைன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் பார்த்தேன். கண்ணுல ஏதாவது கோளாறா?"

இந்த இடத்தில் சங்கையா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சார், அடுத்த வருஷம் உங்களை விட்டுப் போகலாம் என்றிருக்கிறேன், அதற்காக உங்கள் சம்பளத்திலேயே பழகிக்கொண்டிருக்கிறேன் என்று. எந்த வாயால் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சம் மங்கலா இருக்கு சார்" என்றார். பெரிய துரை அப்போதே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மிக்கேல்ராஜ், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று இருக்கும் அட்டையைச் சுவரில் மாட்டினார். மூன்று கால் உள்ள ஓர் எழுத்து, ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கும். கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். வலது கண்ணுக்கு சங்கையா கடைசி வரி வரை சரியாகக் காட்டினார். இடது கண்ணுக்கும் கடைசி வரி வரை பளிச்சென்று தெரிந்தது. மேலே என்றால் கீழே காட்டினார். இந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம் காட்டினார்.

"என்ன சங்கையா, இவ்வளவு மோசமாயிருச்சு? மொதல்லயே வந்திருக்கக் கூடாதா?" என்று மிக்கேல்ராஜ் உண்மையாகவே வருத்தப்பட்டு, இடது கண் பார்வை மிகக் குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சங்கையாவுக்குக் குத்தலாகத்தான் இருந்தது. ஆனாலும் பிப்ரவரிக்கு மூன்று மாதம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பிப்ரவரிக்குப் பிறகு இந்த மலையில் யார் கண்ணைப் பற்றி யாருக்கு என்ன?

பெரிய துரை அத்தோடு விடவில்லை. இருபத்தொரு வருஷம் உழைத்த ஆள், அவனைச் சிரமப்படுத்த வேண்டாம், இனிமேல் எல்லாரும் வலது பக்கமே பந்தைப் போடுங்கள் என்று மெம்பர்களிடம் சொல்லி வைத்தார். போட்டிக்குப் புறப்படும்போது, பாலக்காட்டு செக்ரட்டரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி ஒட்டி சங்கையா கையிலேயே கொடுத்தார். எங்கள் ஆளுக்கு இடது கண் சரியில்லை, கம்பவுண்டரின் சீட்டும் இதோடு இருக்கிறது, சாயங்கால வெயில் அந்தப் பக்கம் அடிக்காதபடி அவனைத் தயவுசெய்து நிறுத்தவும் என்று எழுதியிருந்தது. இவ்வளவு இரக்கத்தோடு ஒருவர் இன்னொருவரின் வாழ்க்கையில் மண்ணைப் போட முடியாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே சங்கையா அந்தக் கடிதத்தை மடியாமல் மட்டைக்கும் துணிக்கும் நடுவே வைத்து, ஐந்து பஸ் மாறிக் கொண்டுபோய், பத்திரமாகச் செக்ரட்டரியின் மேஜையில் கொடுத்தார்.

எழுபத்துநாலு பிப்ரவரி. இரண்டாவது கோர்ட் தயாராகிக் கம்பி வேலி போட்டிருந்தது. பூட்டின வீட்டுக்கு நாச்சம்மாள் முந்தின நாளே சாவி வாங்கிப் பெருக்கி வைத்திருந்தாள். மாரப்பன் புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. அதைத் தடவிக் காட்டி, "உங்க ஞாபகமாத்தானுங்ணா" என்றார்.

முதல் ஆட்டத்தில், முதல் பந்து இடது பாதிக்கு வந்ததும் சங்கையா, "யுவர்ஸ் தம்பி" என்றார். இந்தத் தடவை பந்து வேலிக்குப் போகவில்லை. ஒரு மட்டை அதைத் திருப்பி அடித்தது. ஒரு வருஷமாக வெறும் இடத்தைப் பார்த்துச் சொன்ன சொல்லுக்கு இப்போது பதில் வந்துவிட்டது. அதை நினைத்துக்கொண்டே சங்கையா அடுத்த செர்வை வலையில் அடித்துவிட்டார். மாரப்பன் மட்டையால் அவர் முதுகில் லேசாகத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

இறுதி ஆட்டத்துக்கு அதே கோயம்புத்தூர்க்காரர்கள் வந்தார்கள். அண்ணனும் தம்பியும், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஒருவர் எங்கே நிற்பார் என்று மற்றவர் திரும்பிப் பார்க்காமலே அறிவார். முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது இவர்களுக்கு. மூன்றாவதில் இவர்கள் ஐந்துக்கு நான்கு, இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் முடிந்தது. மலையிடுக்கு வழியாக வரும் கிழக்குக் காற்று அன்று முழு வீச்சில் இருந்தது.

மாரப்பன் வலையருகே நின்றார். எதிரே அண்ணன்காரர் பந்தை அவர் தலைக்கு மேலே உயரத் தூக்கி இடது பாதியின் பின்கோட்டுக்கு அனுப்பினார். ஆட்டம் தெரிந்த எவரும், பின்னால் நிற்கும் சங்கையாதான் அதை எடுப்பார் என்றுதான் சொல்வார்கள். நாலு எட்டுத் தூரம். பழைய சங்கையா எடுத்துவிட்டு வெற்றிலையும் போட்டிருப்பார். ஆனால் மாரப்பன் திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டதை அவர் பார்த்தார். காற்று பந்தைப் பிடித்து நிறுத்துவதையும் பார்த்தார். தன் இடத்திலேயே நின்றார்.

"யுவர்ஸ் தம்பி."

மாரப்பன் ஓடிவந்து, பந்து இறங்கும் இடத்துக்கு ஒரு நொடி முன்னால் போய்ச் சேர்ந்து, இடது கையால் சுழற்றி, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே அடித்தார். இருவரும் நகரவில்லை. சங்கையாவும் மாரப்பனும் ஜெயித்துவிட்டார்கள்.

"அதை நீங்களே எடுத்திருக்கலாமுங்ணா," என்றார் மாரப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒன் பக்கம்லா தம்பி," என்றார் சங்கையா. நாற்பத்திரண்டு வயதில், சம்பளத்துக்கு ஆடத் தொடங்கிய பிறகு முதல் தடவையாக, ஜெயிப்பதற்கென்று ஆடி ஒரு போட்டியையே ஜெயித்திருந்தார். அதைவிடப் பெரிய சந்தோஷம், அந்தப் பந்தை எடுக்காமல் விட்டதில் இருந்தது.

ஜோடிக்கு ஒரு கப் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்ததும் செக்ரட்டரி இருவரையும் வராந்தாப் படிக்குக் கீழே நிறுத்தினார். கையில் பெரிய துரையின் கடிதமும் மிக்கேல்ராஜின் சீட்டும் இருந்தன.

"நல்ல களி, நல்ல ஆட்டம். ரொம்ப சந்தோஷம். பக்ஷே, சங்கையா, உனக்கு இடது கண்ணு இல்லைன்னு உன் கிளப்பே எழுதியிருக்கு. நான் அதை நம்பலை. கடைசிப் பந்து வந்தப்போ நீ மரம் மாதிரி நின்னே பாரு, அப்பதான் நம்பினேன். இவன் ஓடி வந்து காப்பாத்தலேன்னா தோத்திருப்பீங்க. கண்ணு தெரியாத ஆளை நான் எப்படி எடுக்கறது?"

சங்கையாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. மாரப்பனுக்கு முதலில் புரிந்தது.

"சார், எடப்பக்கம் நான் நிக்கறனுங்க. அவருக்கு அந்தப் பக்கம் கண்ணு எதுக்குங்க சார்?"

செக்ரட்டரி சிரித்துவிட்டார். சிரித்தாலும் மனம் மாறவில்லை. புதுக் கோர்ட்டில் மார்க்கர் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்றார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு சார்," என்றார் சங்கையா. குரல் அவருக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை சொன்னார். "பாதியை விட்டு ஆடிப் பழகுனேன் சார். தொரை கேட்டப்ப உண்மையச் சொல்ல முடியல. அட்டையில வேணும்னே மாத்திக் காட்டுனேன்."

செக்ரட்டரி கடிதத்தை மடித்தார். அவர் முகம் இப்போதுதான் மாறியது.

"அப்படீன்னா உன் பிரசிடெண்ட்டை ஏமாத்தினே. கம்பவுண்டரைப் பொய் எழுத வெச்சே. உன் பிரசிடெண்ட் எனக்கு இருபது வருஷத்துச் சிநேகிதர். நான் பதில் எழுதணும். ஒண்ணு, உனக்குக் கண்ணு தெரியலை, அதனால எடுக்கலை. இல்லேன்னா, கண்ணு தெரியும், அவன் சொன்னது கள்ளம். எதை எழுதட்டும்? நீயே சொல்லு."

மாரப்பன் சங்கையாவின் முழங்கையைப் பிடித்தார். உண்மையையே எழுதச் சொல்லுங்கள் என்கிற பிடி. சங்கையா பார்த்தார். உண்மையை எழுதினால் இந்த வேலை கிடைக்கப் போவதில்லை, மலையில் இருக்கும் வேலையும் போகும், மிக்கேல்ராஜுக்கும் தலைவலி. அதையெல்லாம்விட, தன்னை ஒருநாளும் அதட்டாத மனுஷர் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பது கண்முன் வந்தது.

"மங்கல்னே இருக்கட்டும் சார்," என்றார்.

அன்றைக்கும் நாச்சம்மாள் தட்டு வைத்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெருக்கி வைத்த வீட்டின் கதவு திறந்தே இருந்தது, அதை யாரும் போய் மூடவும் இல்லை. கப்பைக் கொண்டுபோகச் சொல்லி மாரப்பன் வற்புறுத்தினார். உன் வீட்டிலே இருக்கட்டும், அங்கே பார்க்க ஆள் இருக்கிறது என்று சங்கையா வைத்துவிட்டு வந்தார்.

கம்பத்தில் ஜீப் மாற வேண்டும். பூமாரியின் அண்ணன் வீடு ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு. சங்கையா ஸ்டாண்டிலேயே நின்று, முதலில் கிளம்பிய ஜீப்பில் ஏறிக்கொண்டார். பிறகு அவள் எப்படியும் கேள்விப்பட்டிருப்பாள். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டு அனுப்பவில்லை.

பாலக்காட்டில் திருச்சூர்க்காரர் ஒருவரை எடுத்தார்கள். மாரப்பன் யாரையோ பிடித்து எழுதவைத்த ஒரு கார்டு வந்தது. புது ஆள் நன்றாக ஆடுகிறார், ஆனால் என் பந்தையும் அவரே எடுத்துவிடுகிறார் என்று எழுதியிருந்தது. சங்கையா அதைக் கிளப் கிளார்க்கிடம் கொடுத்து மூன்று தடவை படிக்கச் சொன்னார். அடுத்த வருஷம் ஒரு கார்டு வந்தது. அதற்கடுத்த வருஷம் வரவில்லை. கண் தெரியாத ஆளைப் போட்டிக்கு அனுப்பி அலைக்கழிக்க வேண்டாம் என்று பெரிய துரை சொல்லிவிட்டதால் சங்கையாவும் போகவில்லை.

மலைக் கிளப்பில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பெரிய துரை சொன்னதை எல்லாரும் மதித்தார்கள், புதிதாக வருபவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர்கூட இடது பக்கம் பந்தைப் போடுவதில்லை. தினம் காலையில் சங்கையா இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரி தண்ணீர் தெளித்து, ஒரே மாதிரி உருளை இழுப்பார். மாலையில் ஆட்டம் முடிந்து பார்த்தால், வலது பாதியில் செம்மண் முழுக்கக் கால் தடமும் பந்துத் தடமுமாகக் கிளறிக் கிடக்கும். இடது பாதி காலையில் இழுத்தபடியே வழவழவென்று இருக்கும். அதைப் பெருக்க வேண்டிய வேலையே இல்லை. அவர் அதையும் பெருக்குவார்.

எழுபத்தெட்டாம் வருஷம் புதிதாக வந்த சின்னத் துரை ஒருவர், ஒரு மாலையில் கை தவறிப் பந்தை இடது பாதிக்கு உயரத் தூக்கிவிட்டார். நாலு எட்டுத் தூரம். சங்கையா நகரவில்லை.

"யுவர்ஸ் தம்பி," என்றார், இந்தத் தடவை வாய்விட்டு.

பந்து வழவழப்பான மண்ணில் இரண்டு தடவை குதித்து வேலியில் போய் நின்றது. சின்னத் துரை வலையருகே வந்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார்.

"யாரைச் சொன்னே சங்கையா?"

"யாருமில்ல சார்," என்றார் சங்கையா. "எடது கண்ணு மங்கல்லா. ஆளு நிக்கிற மாதிரி இருந்துச்சு."

பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து, துரைக்கு வாகாகச் செர்வ் போட்டார்.